இரண்டாவது குத்தில் வெடித்தவை

அக்காவும் நானும் வளைகுடாவில் ஒரே துப்பாக்கி சுடும் கிளப்பில் வேலை பார்த்தோம். உறுப்பினர்கள் பயிற்சியில் சுட்டுப்போடும் கைத்துப்பாக்கித் தோட்டாக்களின் பித்தளைக் கூடுகளைக் கழுவி மறுபடி நிரப்பும் பணிமனை எங்களுடையது. கூட்டின் அடியில் பட்டாணியைவிடச் சிறிய ஒரு மூடி உட்கார்ந்திருக்கும். ப்ரைமர் என்போம். துப்பாக்கியின் ஊசி அதில் குத்தினால்தான் உள்ளே மருந்து பற்றும். இடுக்கி போன்ற கைக்கருவியால் ப்ரைமரை அழுத்திப் பொருத்துவது மூன்றாம் மேசையில் அக்காவின் வேலை. என்னை இங்கே வரவழைத்தவளும் அவள்தான். டிப்ளமோ இருந்ததால் எனக்குச் சோதனைப் பிரிவு. காலையில் சுடுதளத்தில் மாதிரிகளைச் சுட்டுப் பார்ப்பேன். மதியத்துக்கு மேல் அவளுக்கு எதிரே உட்கார்ந்து, முடிந்த தோட்டாக்களைப் பெட்டியில் அடுக்குவேன்.

போன கோடையில் சில தோட்டாக்கள் முதல் குத்தில் வெடிக்கவில்லை. டக்கென்று ஒரு சத்தம், அவ்வளவுதான். குழலை இலக்கை நோக்கியே பிடித்தபடி அரை நிமிடம் காத்திருந்து, மறுபடி சுட்டால் வெடித்தன.

சூப்பர்வைசர் பெஷாவர்க்காரர். எல்லாருக்கும் பாய். "மெம்பர்கள் சிரிக்கிறார்கள், பெஹன். ஜல்தி, சீக்கிரம் கண்டுபிடி," என்றார் இந்தியில்.

நான் பட்டியல் போட்டேன். ஒன்று, துப்பாக்கி: கடையில் வாங்கிய தோட்டா அதே துப்பாக்கியில் முதல் குத்திலேயே வெடித்தது, ஊசியில் குறையில்லை. இரண்டு, ப்ரைமர்: அதே பெட்டியிலிருந்து மற்ற மேசைகள் எடுத்தவை சரியாக இருந்தன. மூன்று, எண்ணெய்ப் பிசுக்கு: இருந்திருந்தால் இரண்டாவது குத்திலும் பெரும்பாலும் வெடித்திருக்காது. மிச்சம் ஒன்றுதான். ப்ரைமர் குழியின் அடிவரை இறங்கவில்லை. முதல் குத்து அதை உள்ளே தள்ளுவதிலேயே தீர்ந்துவிடுகிறது.

தட்டுகளில் இருந்தவற்றின் அடியை விரல் நுனியால் தடவிப் பார்த்தேன். அமுங்கியிருக்க வேண்டிய மூடி சிலவற்றில் மயிரிழை மேலே நின்றது. ஒவ்வொரு தட்டிலும் மேசை எண்ணும் நேரமும் எழுதிய அட்டை உண்டு. எல்லாம் மூன்றாம் மேசை, எல்லாம் மதியத்துக்கு மேல். அக்காவின் காலைத் தட்டுகளில் ஒன்றுகூட இல்லை.

மறைக்க முடியாது. மேலே நிற்கும் ப்ரைமர் தோட்டாவை ஏற்றும்போதே வெடித்துவிடலாம், யாருடைய கையிலாவது. ஆனால் அக்காவின் வேலையும் போகக் கூடாது. யோசித்து எழுதினேன். காரணம்: மதிய நேரக் களைப்பு. பரிந்துரை: மூன்றாம் மேசைக்குக் காலை டியூட்டி மட்டும், சோதனையாளர் எதிரே இருந்து ஒவ்வொரு தட்டையும் தடவிப் பார்க்க வேண்டும்.

அக்கா அதை இரண்டு முறை படித்தாள். "ஏட்டி, என்னையக் காப்பாத்திட்டன்னு நெனக்கியா?"

"பின்ன? மத்தியானம் ஏசியில நல்லாத் தூங்கு."

"சரிங்க டாக்டரம்மா," என்றாள். சிரிக்கவில்லை.

அடுத்த நாளிலிருந்து காலையில் அவளுக்கு எதிரே உட்கார்ந்தேன். முதல் தட்டிலேயே என் விரலில் நான்கு இடறின. மறுநாள் ஒன்பது. அட்டைகளை யாரோ மாற்றிவிட்டார்கள் என்று சந்தேகப்பட்டு ஒரு நாள் முழுக்க அலைந்தேன். நான்காம் நாள் பாய் தட்டைத் தானே தடவினார். "கலாஸ்," என்றார், முடிந்தது என்று. குரலை உயர்த்தவில்லை. அந்த வாரமே விசா ரத்துக்கான தாளில் அக்கா கையெழுத்துப் போட்டாள்.

நாங்கள் தங்கியிருந்த முவைலா பகுதி ரூமில் அவள் துணிகளை மடித்துக்கொண்டிருந்தபோது கேட்டேன்.

"காலையில எல்லாம் நல்லாத்தான இருந்துச்சு?"

"காலையில நீ இருக்க மாட்டல்லா. கருவியத் தொடையில வச்சு ரெண்டு கையாலயும் அமுக்குவேன். நீ எதுக்க வந்து உக்காந்தா எப்பவும்போல ஒத்தக் கைதான்."

"எதுக்குக்கா?"

"வலது கட்டவெரலு செத்துப்போயி அஞ்சு மாசமாச்சு. தடவிப் பாத்தாலும் எனக்குத் தெரியாது."

"என்ட்டச் சொல்லிருக்கலாம்லா?"

"சொன்னா நீ எழுதிருவட்டி."

எழுதியிருப்பேன். அந்த ஐந்து மாதமும் ஊறுகாய் பாட்டிலை என்னிடம்தான் நீட்டினாள். பட்டன் வைத்த சுடிதார்களை எனக்குக் கொடுத்துவிட்டாள். அவளைச் சோம்பேறி என்று சொல்லிச் சொல்லி வாங்கிப் போட்டுக்கொண்டேன். ஒன்றையும் எந்தப் பட்டியலிலும் சேர்க்கவில்லை.

கழுத்தில் நரம்பு நசுங்கியிருப்பதைத் திருநெல்வேலி டாக்டர் சொன்னது அவள் ஊர் போன பிறகு. முன்பே வந்திருந்தால் விரலுக்கு உணர்ச்சியைத் திரும்பக் கொண்டுவந்திருக்கலாம் என்றாராம்.

அன்று ரூமில் அவள் பெட்டி நிறைந்து ஜிப் பாதியில் நின்றது. நான் எழுந்தேன். அக்கா வேண்டாமென்று தலையசைத்துவிட்டு, முழங்காலால் பெட்டியை அமுக்கி, இரண்டு கைகளாலும் ஜிப்பை இழுத்தாள். நான் பார்த்துக்கொண்டு நின்றேன். அவள் நிறுத்தவில்லை.