தோட்டம் பெருக்கியவள்

கும்மிடிப்பூண்டி இரும்பு ஆலையில் இருபது வருஷம் உலையோடு மாரடித்த சபரிநாதனுக்கு 2006-ல் கம்பெனி ஒரு பரிசு கொடுத்தது: வெள்ளைக்காரன் காலத்துப் பங்களா ஓட்டலில் மனைவியோடு ஒருநாள் தங்கலாம்.

விடிந்ததும் அவன் மனைவி ரோஜா, பழக்கதோஷத்தில் ஒரு துடைப்பத்தைத் தேடியெடுத்து, பூ உதிர்ந்து கிடந்த அந்தப் பெரிய தோட்டத்தைப் பெருக்க ஆரம்பித்துவிட்டாள். வராந்தாவில் சபரிநாதனோடு காபி குடித்த பக்கத்து அறைக்காரர், "வேலைக்காரம்மா நல்ல சுறுசுறுப்பு" என்றார்.

பாழாய்ப்போன நாக்கு, "ஆமா சார்" என்றது.

ரோஜா நிமிர்ந்து பார்த்தாள். அந்தப் பார்வை சுட்டதுபோல உலைகூட அவனைச் சுட்டதில்லை.

திரும்பும் பஸ்ஸில் அவன் கண்டக்டரிடம், "கும்முடிப்பூண்டி ரெண்டு" என்றான்.

பெண்கள் சீட்டிலிருந்து ரோஜா கையை நீட்டினாள். "எனக்குத் தனியா ஒண்ணு குடுப்பா. அந்த சாரு யாருன்னே எனக்குத் தெரியாது."