என் சகலைமேல் நான் கட்டிய பிராது

ஐயனாரை நம்பி வருகிற உங்களிடம் மறைக்க எனக்கு ஒன்றுமில்லை. போன ஆடியில் எனக்குச் சோறு இறங்கவில்லை. நோயில்லை, வயிற்றெரிச்சல்.

நான் கரிக்கலாம்பாக்கம். வில்லியனூர் பக்கம் ஒரு பட்டறையில் பதினான்கு வருஷமாக ஃபிட்டர். கிளைடர் என்கிற எஞ்சின் இல்லாத விமானத்துக்குச் சின்னச் சின்ன பாகங்கள் செய்கிறோம். என் சகலை குமரனை அங்கே சேர்த்துவிட்டதே நான்தான். பறக்கும்போது விமானத்தின் கண்ணாடி மூடி திறந்துகொள்ளாமல் இருக்க அவன் புதுசாக ஒரு லாக் வரைந்தான். முதலாளி அவனைத் தலையில் தூக்கி வைத்து ஆடினார். வீட்டுக்கு வந்தால் என் மனைவி வாயிலும் தங்கச்சி புருஷன் புராணம்தான்.

அந்த லாக்கை முதலில் மாட்டிப் பார்த்தவன் நான். உள்ளே கொக்கி சரியாக விழாவிட்டாலும் கைப்பிடி மூடிய இடத்துக்கு வந்து நின்றது. பார்க்கிறவனுக்குப் பூட்டியது போலவே தெரியும். கண்டுபிடித்தும் வாயைத் திறக்கவில்லை. நன்றாக அவமானப்படட்டும் என்று இருந்தேன். அதுவும் போதாமல், எங்கள் வயல்காட்டு ஐயனாருக்குப் பிராது எழுதிச் சூலத்தில் கட்டினேன். குமரன் லாக் தோற்கணும், அவ்வளவுதான் எழுதியது.

மறுநாள் கொழுந்தியா போன் செய்தாள். சோதனைக்கு விமானம் ஏறும்போது குமரனும் உள்ளே உட்காரப் போகிறானாம். பெருமையாகச் சொன்னாள். நான் இப்போது குறையைச் சொன்னால், தெரிந்தே மறைத்தவன் என்று ஆகிவிடும். சொல்லாவிட்டால் அவன் உயிர். ஐயனாரே, எனக்குத் தைரியம் இல்லை, நீயே வழி காட்டு என்று அழுதேன்.

ஞாயிறு காலை, சோதனைக்காக வெளியூர் கிளம்பிய பையோடு குமரனே என் வாசலில் வந்து நின்றான்.

"அண்ணே, எல்லாரும் நல்லாருக்குன்றாங்க. நீ மட்டும் ஒண்ணும் சொல்லல. அதான் பயமா இருக்குது."

அவனை யார் அனுப்பியது என்று எனக்குத் தெரியும்.

பிராதைத் திரும்ப எடுக்க வேண்டுமென்றால், யார்மேல் எழுதினோமோ அவரையும் சாமி முன்னால் நிறுத்தி, வாய்விட்டுப் படித்துத்தான் அவிழ்க்க வேண்டும். கூட்டிப் போனேன். படித்தேன். லாக்கில் இருந்த குறையையும் சொன்னேன். அவன் சூலத்தையே பார்த்துக்கொண்டு நின்றான்.

"இன்னாணா இது. என் பொண்ணு உன்ன பெரிப்பான்னு தானே கூப்புடுது."

அதற்கு மேல் திட்டவில்லை. பட்டறைக்கு வா, காட்டு என்றான். முதலாளியையும் வரவழைத்துக் காட்டினோம். பயணம் தள்ளிப்போனது. கொக்கி விழுந்தால்தான் கைப்பிடி திரும்பும்படி இரண்டு பேருமாக மாற்றினோம். பிறகு குமரனோடு அந்த விமானம் ஏறி, நல்லபடியாக இறங்கியது.

லாக் தோற்கணும் என்று கேட்டேன். ஐயனார் அதையும் கொடுத்தார், பட்டறை மேஜையிலேயே. பேர் என்னவோ குமரனுக்குத்தான். இன்னமும் யாராவது அவனைப் புகழ்ந்தால் எனக்குச் சுருக்கென்கிறது, பொய் சொல்ல மாட்டேன். ஆனால் இப்போது பிராது எழுதுவதில்லை. நேரே போய், சாமி, எனக்குப் பொறாமையாக இருக்கிறது என்று சொல்லிவிடுகிறேன். நீங்களும் சொல்லிப் பாருங்கள். என் மனசில் இருந்த அவ்வளவும் தெரிந்தும் என்னை விரட்டாத சாமி, உங்களையும் விரட்ட மாட்டார்.