சித்தி அர்த்தம் சொன்ன வாள் ராணி

சித்தியைப் பெண் பார்க்க சந்தாபுராவிலிருந்து ஆட்கள் வருகிறார்கள் என்றதும், பெங்களூர் ஆஸ்டின் டவுனில் இருந்த எங்கள் சின்ன வீட்டில் அம்மா முதல் வேலையாகச் சித்தியின் டாரட் கார்டுகளைப் பீரோவுக்குள் ஒளித்து வைத்தாள். சீட்டைப் பார்த்துப் பலன் சொல்லும் பெண்ணை யார் கட்டுவார்கள் என்பது அவள் கவலை.

சித்தி அம்மாவின் தங்கை. வைட்ஃபீல்டில் கம்ப்யூட்டர் வேலை. கம்பெனி காரில் போகவர ஆகும் மூன்று மணி நேரத்தில் அலுவலகத் தோழி ஒருத்தியிடம் இந்தக் கார்டுகளைக் கற்றுக்கொண்டிருந்தாள். ஞாயிற்றுக்கிழமையானால், மகனுக்கு விசா கிடைக்குமா, மருமகள் திரும்பி வருவாளா என்று தெருப் பெண்கள் எங்கள் வீட்டில் வந்து உட்கார்ந்துவிடுவார்கள். சித்தி யாருக்கும் பூசி மெழுகிச் சொல்லமாட்டாள். தெரியாததைத் தெரியாது என்றே சொல்வாள். என்னைக் கேட்டால், பெங்களூரில் அவளை மிஞ்சிய ஆள் கிடையாது.

வீட்டில் ஒளித்து வைத்தது இன்னொன்றும் உண்டு. சித்திக்கு முன்பே ஒரு கல்யாணம் நடந்து, எட்டே மாதத்தில் திரும்பி வந்திருந்தாள். அப்போது எனக்கு மூன்று வயது. அவள் ஹாஸ்டலில் இருந்ததாகத்தான் எனக்குச் சொல்லியிருந்தார்கள். மாப்பிள்ளை வீட்டாரிடமும் மூச்சு விடவில்லை. தாலி ஏறியபின் பக்குவமாகச் சொல்லிக்கொள்ளலாம் என்பது அம்மாவின் திட்டம்.

மாப்பிள்ளையின் அம்மா கேசரியைக்கூட முடிக்கவில்லை. "நீ கார்டு பாப்பியாமே, உங்க தெருவுல சொன்னாங்க. ஸ்வல்ப எனக்கும் பாரும்மா, ஒரே ஒரு கார்டு" என்று கன்னடம் கலந்து கேட்டார்.

எடுத்து வர என்னை அனுப்பினார்கள். நான்காம் வகுப்புப் பெண்ணுக்கு உரிய முன்யோசனையோடு, எலும்புக்கூடு, பிசாசு, தீப்பிடித்த கோபுரம் என்று படம் போட்ட மூன்று கார்டுகளையும் உருவி, பீரோவில் மடித்திருந்த என் யூனிஃபார்முக்கு அடியில் செருகினேன். ராஜா ராணிகளைத் தொடவில்லை. கிரீடம் வைத்தவர்கள் கெடுதல் செய்யமாட்டார்கள் என்று எனக்கு உறுதியாகத் தெரியும்.

சித்தி விரித்த கார்டுகளில் அந்த அம்மா எடுத்தது வாள் ராணி.

"ராணி வந்திருக்கா! நல்லதுதானே?"

"ரொம்ப யோகங்க" என்று அம்மா முந்திக்கொண்டாள். அவளுக்கு ஒரு கார்டின் பெயரும் தெரியாது.

அந்த அம்மா விடவில்லை. "ஏம்மா, இவ ஏன் தனியா உக்காந்திருக்கா? கையில கத்தி வேற!"

அம்மா கண்ணால் ஜாடை காட்டினாள். சித்தி அதைப் பார்த்தாள். பார்த்துவிட்டுக் கார்டின் பக்கம் திரும்பினாள்.

"இவ கஷ்டத்தப் பாத்துட்டு வந்தவம்மா. ஒருத்தர நம்பிப் போய் சரிப்படாம திரும்பினவள்னும் சொல்லுவாங்க. ஆனா அழுதுட்டு இல்ல பாருங்க, நிமிந்துதான் உக்காந்திருக்கா. கத்தி வெட்டுறதுக்கில்ல, உள்ளத உள்ளபடி சொல்றதுக்கு. இன்னொரு கை, வர்றவங்கள வாங்கன்னு கூப்பிடுது." கார்டை அந்த அம்மாவின் பக்கம் நகர்த்தினாள். "நானும் அப்படித்தாம்மா. எட்டு மாசம்."

ஹாஸ்டலைப் பற்றித்தான் சொல்கிறாள் என்று நினைத்தேன். அதற்கு ஏன் அம்மா முகம் வெளுக்க வேண்டும் என்பதுதான் விளங்கவில்லை.

"என்னம்மா ஆச்சு?" என்று கேட்டார் அந்த அம்மா.

என்னைச் சமையலறைக்கு விரட்டினார்கள். அங்கிருந்து அரை மணி நேரம் சித்தியின் குரல் மட்டும் கேட்டது. என்ன பேசினாள் என்று புரியவில்லை. ஆனால் குரல் ஒரு தடவைகூட உடையவில்லை.

போன் செய்கிறோம் என்று போனவர்கள் செய்யவே இல்லை. அம்மா ஒரு வாரம் பாத்திரங்களோடு சண்டை போட்டாள். எனக்கோ அந்த அம்மாவின் மேல்தான் ஆத்திரம். இப்படித் துருவித் துருவிக் கேட்டதால்தானே எல்லாம் கெட்டது!

உருவிய மூன்று கார்டுகளையும் சித்தியிடம் கொடுத்து, "அந்த ராணியையும் எடுத்திருக்கணும் சித்தி, தப்பு பண்ணிட்டேன்" என்று அழுதேன்.

சித்தி விழுந்து விழுந்து சிரித்தாள். "நல்லவேளை, அவள விட்டுவச்சடி" என்று என்னைக் கட்டிக்கொண்டாள்.

என்னைச் சமாதானப்படுத்தத்தான் சொல்கிறாள் என்று நினைத்தேன். தாத்தா, அம்மா, அப்பா, மாமா என்று அத்தனை பேர் இருந்தும், "என்னம்மா ஆச்சு?" என்று அந்த ஆறு வருடத்தில் எங்களில் ஒருவர்கூட அவளைக் கேட்டதில்லை என்பது எனக்கு அப்போது தெரியாது.