தலைகீழாக ஒட்டிய கண்ணாடி

போன வருடம் ஆவணி மாதத்தில் ஒரு புதன்கிழமை, காலை சரியாகப் பத்து மணி. வெள்ளவத்தையில் காலி வீதியிலிருந்து கடற்கரைப் பக்கம் இறங்கும் ஒரு சின்ன ஒழுங்கையில் இது நடந்தது. நேரம் இவ்வளவு துல்லியமாக நினைவிருப்பதற்குக் காரணம், அன்று பகல் ஒரு மணிக்கு என் அக்காவுக்கு டிரைவிங் ட்ரயல்.

அது அவளுடைய இரண்டாவது ட்ரயல். முதல் முறை, பின்னுக்கு எடுக்கும்போது கண்ணாடியைப் பார்க்கவில்லை என்று ஃபெயில் பண்ணிவிட்டார்கள். இந்த முறை சும்மா விளையாட்டில்லை. ஊர் ஊராகக் காரில் போய் வாடிக்கையாளர்களைச் சந்திக்கும் வேலை ஒன்றுக்கு அவளைத் தெரிவு செய்திருந்தார்கள். மாத முடிவுக்குள் லைசன்ஸைக் காட்டினால் வேலை அவளுக்கு. இல்லாவிட்டால் அடுத்த ஆளுக்கு.

காலையில் கொட்டாஞ்சேனைக்குப் போய் மாமாவின் சின்னக் காரை எடுத்துக்கொண்டு வந்தோம். மூன்று கிழமையாக அக்கா பழகியது அந்தக் காரில்தான். மாமா சைவம், மாமி வேதக்காரி. அதனால் பின்பக்கம் பார்க்கும் அந்தக் கண்ணாடியில் மாமியின் செபமாலையும் மாமாவின் கோயில் நூலும் எப்போதும் சேர்ந்தே தொங்கும். அன்று விசேஷமாக மாமா இரண்டு முழ மல்லிகைச் சரத்தையும் அதிலேயே கட்டிவிட்டார்.

"எல்லாரும் சேர்ந்து உன்னைப் பார்த்துக்கொள்ளுவினம். நீ றோட்டை மட்டும் பார், பிள்ளை" என்றார்.

அக்கா ஓட்டினாள். லைசன்ஸ்காரன் என்ற பெருமையோடு நான் பக்கத்தில். வெள்ளவத்தை ஒழுங்கையில் ஒரு வேகத்தடையில் ஏறி இறங்கினோம். 'டக்' என்று ஒரு சத்தம். செபமாலை, நூல், மல்லிகைச் சரம், கண்ணாடி எல்லாம் ஒன்றாக அக்காவின் மடியில்!

அக்கா பிரேக்கை மிதித்தாள். மடியிலிருந்த கண்ணாடியைத் தூக்கிப் பிடித்தாள்.

"போன முறை நான் மிரரைப் பார்க்கேல்லை. இந்த முறை மிரர் என்னைப் பார்க்கமாட்டன் எண்டு சொல்லிப்போட்டுது."

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். எனக்குக் கவலையே வரவில்லை, சந்தோசம்தான் வந்தது! கழன்ற கண்ணாடியை எப்படி ஒட்டுவது என்று நாலைந்து வீடியோ பார்த்து வைத்திருந்தவன் நான். எதற்குப் பார்த்தேன் என்று கேட்காதீர்கள், அது என் வியாதி.

"பத்து நிமிச வேலை, அக்கா!"

"டேய், கராஜ் ஒண்டுக்குக் கொண்டுபோவமே."

"கராஜில பின்னேரம் வா எண்டுவாங்கள். நீ இரு."

காலி வீதிக்கு ஓடினேன். வாகன உதிரிப்பாகக் கடையில் அதற்கென்றே விற்கும் பசையை வாங்கிக்கொண்டு திரும்பி ஓடிவந்தேன். இந்த வேலையில் முக்கியமானது ஒரு சின்ன உலோகத் துண்டு. பட்டன் என்பார்கள். மிரரோடு கழன்று வந்த அதைத் தனியே பிரித்து முன்கண்ணாடியில் ஒட்ட வேண்டும். பசை காய்ந்த பிறகு மிரரின் கையை மேலிருந்து அதில் செருகி, ஒரு குட்டி ஸ்க்ரூவால் இறுக்க வேண்டும். அவ்வளவுதான்.

பழைய பசையைப் பிளேடால் சுரண்டினேன். அக்காவின் நகப்பூச்சு அழிக்கும் திரவத்தால் துடைத்தேன். இடம் தவறக்கூடாது என்று அவளுடைய கைப்பையிலிருந்து ஒரு ஸ்டிக்கர் பொட்டை எடுத்து, முன்கண்ணாடியின் வெளிப்பக்கம் அடையாளத்துக்கு ஒட்டினேன். அந்த யோசனையில் எனக்கே புல்லரித்தது. பட்டனை அழுத்திப் பிடித்தேன், அக்கா அறுபது வரை எண்ணினாள். ஏசியை முழு வேகத்தில் போட்டுவிட்டுப் பதினைந்து நிமிடம் காத்திருந்தோம்.

பிறகு மிரரை எடுத்துச் செருகினேன். போகவில்லை. இன்னும் கொஞ்சம் அழுத்தினேன். போகவே இல்லை. குனிந்து பட்டனைப் பார்த்தேன்.

அந்தப் பட்டனின் ஒரு முனை ஒடுக்கம், மற்ற முனை அகலம். ஒடுங்கிய முனை மேலே இருந்தால்தான் மிரர் ஏறும். நான் அதைக் கீழே வைத்து ஒட்டியிருந்தேன். எல்லாவற்றையும் சரியாகச் செய்து, கடைசியில் பட்டனைத் தலைகீழாக!

அந்த நேரமே சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

"இன்னும் காயேல்லை" என்றேன்.

அக்கா போனில் நேரம் பார்க்கும்போதெல்லாம் நான் காரில் கிடந்த குறடு ஒன்றை எடுத்துப் பட்டனை இழுத்தேன். அசையவில்லை. அவ்வளவு நல்ல பசை! ஐந்து நிமிடம் போனது, பத்தானது. "ஈரக்காத்து, அதுதான் சுணங்குது" என்று வேறு அளந்தேன். பதினொன்றே முக்காலுக்குள் புறப்படாவிட்டால் ட்ரயலுக்குப் போய்ச் சேர முடியாது.

"ஏன்டா உனக்கு இப்பிடி வேர்க்குது? ஏசி போட்டிருக்குத்தானே?"

நான் பதில் சொல்வதற்குள் காரின் ஜன்னலில் யாரோ தட்டினார்கள். நாங்கள் நின்றது ஒரு போன் திருத்தும் கடைக்கு முன்னால். அங்கே வேலை செய்யும் பெண், என் வயதுதான் இருக்கும், இவ்வளவு நேரமும் உள்ளேயிருந்து பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள். மலையகப் பேச்சு.

"அண்ணே, அத குறட்டால இழுக்காதீங்க. கண்ணாடி வெடிச்சிரும். என்னா, ஒட்டலையா?"

"ஒட்டிட்டுது."

"அப்புறம் என்னா?"

அக்கா என்னைப் பார்த்தாள். அந்தப் பெண்ணும் பார்த்தாள். இனி எந்தக் காற்றின் மேலும் பழி போட முடியாது.

"தலைகீழா ஒட்டிட்டன்."

"எப்ப தெரிஞ்சது?" இது அக்கா.

"இருவது நிமிசத்துக்கு முதல்."

அவள் ஏசவில்லை. ஏசியிருந்தால் நன்றாயிருந்திருக்கும். நேரத்தைப் பார்த்தாள், பதினொன்று ஐந்து. அவள் கண்கள் நிறைந்துவிட்டன.

"அழாதீங்க அக்கா, இருங்க" என்று கடைக்குள் ஓடினாள் அந்தப் பெண். திரும்பி வந்தபோது ஒரு கையில் ஈயம் பற்றவைக்கும் சூட்டுக்கோல், மறு கையில் நீளமான எக்ஸ்டென்ஷன் வயர். கடைக்குள்ளிருந்து நடைபாதையைத் தாண்டிக் காருக்குள் வயர் வந்தது.

"மொதல்ல ஏசிய நிப்பாட்டுங்க. கண்ணாடி குளுந்து கெடக்குறப்ப சூடு பட்டா ஒடனே கீறிரும். கண்ணாடி சூடாகக் கூடாது, இந்தப் பட்டன் மட்டும்தான் சூடாகணும், அப்பத்தான் பச எளகும்."

நான் ஏசியை நிறுத்திக் கதவுகளைத் திறந்தேன். வெயில் உள்ளே வந்து கண்ணாடியின் குளிர் போகும்வரை பொறுத்திருந்துதான் தொடங்கினாள். கோலின் முனையைப் பட்டனில் வைத்தாள், எடுத்தாள். திரும்ப வைத்தாள், எடுத்தாள். மாமாவின் முன்கண்ணாடி வெடித்தால் ட்ரயலும் இல்லை, நானும் இல்லை.

அப்போது கடைக்குள்ளிருந்து ஒரு சிங்களப் பெரியவர் வெளியே வந்தார். அவர் திருத்தக் கொடுத்த போன் உள்ளே மேசையில் திறந்தபடி கிடந்தது. சண்டைக்குத்தான் வருகிறார் என்று நினைத்தேன். அவரோ கீழே கிடந்த வயருக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு, போகிற வருகிறவர்களை "பலாகென, பலாகென" என்று பார்த்துக் கால்வைக்கச் சொல்லத் தொடங்கிவிட்டார்! இடைக்கிடை என்னைப் பார்த்து, "மல்லி, தன் ஹரித?" தம்பி, இப்போது சரியா என்று விசாரிப்பு வேறு.

"வருது, வருது" என்றாள் அவள். குறட்டால் பட்டனைப் பிடித்தாள். இழுக்கவில்லை, மெதுவாகத் திருகினாள். 'கட்'.

பட்டன் அவள் கையில். கண்ணாடியில் ஒரு கீறல் இல்லை. நாங்கள் போட்ட கூச்சலில் எதிர் வீட்டு ஜன்னல் திறந்தது.

அவளே இடத்தைச் சுத்தம் செய்தாள். பட்டன் ஆறியதும் என் கையில் தந்தாள்.

"நீங்களே ஒட்டுங்க. அதுக்கு முன்ன, எது மேலன்னு அக்காகிட்ட காட்டுங்க."

நர்சரிப் பிள்ளை மாதிரி அக்காவிடம் காட்டினேன். அவள் வாங்கிப் பார்த்து, தலையாட்டி, திருப்பித் தந்தாள். மீதிப் பசையில் ஒட்டினேன். இந்த முறை பெரியவர் சிங்களத்தில் அறுபது வரை எண்ணினார். பதினைந்து நிமிடம் கழித்து மிரரைச் செருகினேன். வெண்ணெயில் கத்தி இறங்குவது போல இறங்கியது. நேரம் பதினொன்று நாற்பத்திரண்டு!

"இனிமே இதுல ஒண்ணையும் தொங்க விடாதீங்க. பாரம் தாங்காது."

அக்கா செபமாலையையும் நூலையும் கைப்பையில் வைத்தாள். மல்லிகைச் சரத்தை அந்தப் பெண்ணின் தலையில் தானே வைத்துவிட்டு, காரில் ஏறினாள்.

ட்ரயல் இடத்தில் நான் வேலிக்கு வெளியே நின்றேன். பரிசோதகர் ஏறி உட்கார்ந்தார். உட்கார்ந்ததும் செய்த முதல் வேலை, கையை நீட்டி அந்த மிரரைப் பிடித்து ஒரு திருகு திருகியது. மிரர் திரும்பியது, ஆனால் கழன்று விழவில்லை. அக்கா இரண்டு விரலால் அதைத் தனக்குச் சரிசெய்துகொண்டாள். பின்னுக்கு எடுத்தபோது ஒரு தரம் இல்லை, மூன்று தரம் அதில் பார்த்தாள்.

பாஸ்!

பின்னேரம் அதே ஒழுங்கைக்குப் போனோம். காரைக் கண்டதும் அந்தப் பெண் கடை வாசலுக்கே ஓடிவந்துவிட்டாள். அக்கா கட்டைவிரலை உயர்த்த, அவள் கையைத் தட்டிக்கொண்டு துள்ளினாள். அக்கா அடுத்த மாதமே வேலைக்குப் போய்விட்டாள்.

ஆனால் அன்று கொட்டாஞ்சேனைக்குத் திரும்பும் வழியில், சிவப்பு விளக்கில் நிற்கும்போது, அக்கா ஒன்று கேட்டாள்.

"அந்தப் பிள்ளை வந்து கேக்காட்டி, நீ எப்ப எனக்குச் சொல்லியிருப்பாய்?"

எனக்கு அதற்கு இன்றுவரை பதில் தெரியாது. தலைகீழாக ஒட்டியதை அக்கா அன்றே மன்னித்துவிட்டாள். அவளுடைய வேலையையே பணயம் வைத்து நான் வாயை மூடிக்கொண்டிருந்த அந்த இருபது நிமிடங்களைத்தான் என்னால் இன்னும் மன்னிக்க முடியவில்லை. இப்போதும் அவசரப்படுகிறேன், இப்போதும் பிழை விடுகிறேன். ஆனால் பிழை என்று தெரிந்த அந்த நிமிடமே, முகம் சிவந்தாலும் பரவாயில்லை என்று, பக்கத்தில் இருப்பவரிடம் சொல்லிவிடுகிறேன்.