பதிப்பாசிரியருக்கு மட்டும்

கல்வி ஆய்விதழ் ஒன்றிலிருந்து, தங்களுக்கு வந்த கட்டுரையை மதிப்பிட்டுத் தர முடியுமா என்று எனக்கு முதன்முதலாக மின்னஞ்சல் வந்தபோது ஃபேரர் பார்க் நிலையத்தில் நின்றுகொண்டிருந்தேன். வந்த ரயிலை விட்டுவிட்டு அதை இரண்டு முறை படித்தேன். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். ஒருவரின் ஆய்வு அச்சுக்குத் தேறுமா என்று இப்போது என்னைக் கேட்கிறார்கள்.

நேராகத் தேக்கா சந்தையில் அப்பாவின் கீரைக்கடைக்குப் போனேன்.

“யாரு எழுதுனதுடா?”

“தெரியாதுப்பா. பேரை எடுத்துட்டுத்தான் அனுப்புவாங்க. பாத்தது நான்னு எழுதுனவங்களுக்கும் தெரியாது.”

“உன் பேரும் வராதா? என்ன லா, திருட்டு வேல மாதிரி இருக்கு.”

“உள்ள என்ன இருக்குன்னும் சொல்லக்கூடாது.”

“நான் கேட்டேனா?” என்றவர், அடுத்து கீரை வாங்க வந்தவரிடம், “மவனுக்கு ரகசிய வேல வந்துருக்கு” என்றார்.

படிக்காத பெற்றோர் பிள்ளைகளின் படிப்பில் ஈடுபாடு காட்டுவதில்லை என்றது கட்டுரை. அவர்களிடம் கேட்டிருந்த கேள்விகளைப் பார்த்தேன். வீட்டுப்பாடத்தைத் திருத்துவீர்களா, சேர்ந்து புத்தகம் படிப்பீர்களா, ஆசிரியருக்கு எழுதுவீர்களா. நான் தொடக்கநிலை ஆறாம் வகுப்பு முடிக்கும்வரை தினமும் மாலையில் பாடத்தைச் சத்தமாகப் படிக்கச் சொல்லி அப்பா எதிரே உட்கார்ந்திருப்பார். ஆங்கிலம் அவருக்குப் புரியாது. என் குரல் எங்கே தயங்குகிறது என்பது புரியும். அந்த இடத்தை மறுபடி படிக்க வைப்பார். இந்தக் கட்டுரையின் கணக்கில் அவருக்குப் பூஜ்யம்.

ஆத்திரத்தில் மூன்று பக்கம் எழுதிவிட்டேன். மதிப்பீட்டுப் படிவத்தில் இரண்டு பெட்டிகள். ஒன்றில் எழுதுவது கட்டுரையாளருக்குப் போகும். மற்றது பதிப்பாசிரியருக்கு மட்டும். நான் அப்படிப்பட்ட வீட்டுப் பிள்ளை என்பதை அவரிடம் சொல்வதா? சொன்னால் ஒருதலைப்பட்சம் என்று என்னை ஒதுக்கிவிடலாம், கட்டுரை அப்படியே வந்துவிடும். மறைத்தாலோ நான் செய்வது மதிப்பீடே இல்லை. இரண்டு நாள் படிவத்தைத் திறந்து திறந்து மூடினேன். பிறகு மூன்று பக்கத்தோடு உள்ளதையும் சொல்லி அனுப்பினேன்.

“நீங்கள் எழுப்பும் கேள்வி நியாயமானது. கோபத்தை எடுத்துவிட்டுத் திரும்ப அனுப்புங்கள்” என்று பதிப்பாசிரியரிடமிருந்து பதில் வந்தது.

எடுத்துப் பார்த்தால் மூன்று பக்கத்தில் மிஞ்சியது கொஞ்சம்தான். அதில் முதல் வரி: எழுதப் படிக்கத் தெரியாத ஒருவர் ‘ஆம்’ என்று சொல்லக்கூடிய கேள்வி இதில் எது?

கட்டுரையாளருக்குப் போன முடிவுக் கடிதத்தின் நகல் எனக்கும் வந்தது. இன்னொரு மதிப்பீட்டாளர் அப்படியே வெளியிடலாம் என்றிருந்தார். பதிப்பாசிரியரோ, என் கேள்விக்குப் பதில் வராமல் வெளியிட முடியாது என்று எழுதியிருந்தார்.

பல மாதம் கழித்து, தெம்பனிஸில் என் அலுவலகத்தில் இருந்தபோது திருத்திய கட்டுரை வந்தது. மறுபடி வீடு வீடாகப் போய்ப் புதுக் கேள்விகள் கேட்டிருந்தார்கள். முடிவுரையே மாறியிருந்தது. ஏற்கலாம் என்று பரிந்துரைத்தேன்.

அச்சில் வந்த பிறகு ரகசியம் இல்லையே. கைப்பேசியோடு கடைக்குப் போய், கட்டுரையில் இருந்த பழைய கேள்விகளையும் புதியவற்றையும் தமிழில் ஒவ்வொன்றாகக் கேட்டேன். கீரைக்குத் தண்ணீர் தெளித்துக்கொண்டே இல்லை, இல்லை என்று வந்தார் அப்பா.

“பிள்ளை படிக்கும்போது கூட உக்காந்து கேப்பீங்களா?”

கை நின்றது.

“இதுக்கு ஆமான்னு போடு” என்றார்.