லூர்துமேரி மன்னித்த கதை

பாத்தி வரப்பில் உட்கார்ந்து தூக்குவாளியைத் திறந்தால், லூர்துமேரி முதல் கவளத்தைத் தான் சாப்பிட மாட்டாள். மூடியில் கருவாட்டுக் குழம்பை ஊற்றிக்கொண்டு, மூட்டை தூக்கும் ஆட்கள் பக்கம் குரல் கொடுப்பாள். "ஏம்பா பச்சமுத்து, வா, சாப்புடு. நான் மனசுல ஒண்ணும் வச்சிக்கல. இயேசப்பா மன்னிக்கச் சொல்லியிருக்காரு." கூப்பிடுவது பச்சமுத்துவை, கேட்க வேண்டியவர்கள் உப்பளத்தில் இருக்கும் அத்தனை பேரும்.

மரக்காணம் உப்பளத்துக்கு அவள் வேலைக்கு வந்து இருபத்திரண்டு வருடம். பலகை பிடித்து அவள் வாரினால் உப்பில் அடிச்சேறு ஒரு பொட்டுக் கலக்காது. கால் வெடிப்பில் வேப்பெண்ணெய், கழுத்தில் ஜெபமாலை, வாயில் யாருக்காவது புத்திமதி. மாமியாரோடு பேசாத மருமகள் கையில் அகப்பட்டால் போதும், உப்புக் குவியலுக்குப் பின்னால் நிறுத்தி அழவைத்துத்தான் அனுப்புவாள். "மன்னிச்சிட்டா மனசு லேசாயிடும்டி. என்னப் பாரு."

அவள் மன்னித்த கதை ஊரறிந்தது. சுனாமி கொட்டிவிட்டுப் போன சேற்றை அள்ளி, பாத்திகளைச் சீர்செய்து, போன வருடம், 2005இல், முதல் உப்பு விளைய இருந்த நேரம். ஒரு சனிக்கிழமை காலை வந்து பார்த்தால் அவளுடைய பாத்தி வெறுமனே கிடந்தது. வாய்க்காலிலிருந்து தண்ணீர் விட்டதும் மடையைச் சேறு வைத்து அடைக்க வேண்டும். அடைக்காவிட்டால் வாய்க்கால் வற்றும்போது பாத்தித் தண்ணீரும் பின்னாலேயே போய்விடும். தான் அடைத்ததாக லூர்துமேரி சத்தியம் செய்தாள். பக்கத்துப் பாத்திக்காரன் பச்சமுத்துதான் திறந்திருக்கிறான், வேறு யார் என்றாள். "நான் தொறக்கலக்கா" என்று அவன் ஒரே ஒரு தடவை சொன்னான். முதலாளி பஞ்சநாதன் அவனைப் பாத்தி வேலையிலிருந்து எடுத்து மூட்டை தூக்கப் போட்டார். அடுத்த வாரமே ஜெபக் கூட்டத்தில் எழுந்து நின்று, அவனை மன்னித்துவிட்டதாக லூர்துமேரி சொன்னாள். கேட்ட பெண்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள்.

இந்த வருடத் தவக்காலத்தில் ஒரு வெள்ளிக்கிழமை. சிலுவைப்பாதை ஜெபத்துக்குக் கோயில் மணி அடித்ததும் பலகையைப் போட்டுவிட்டு ஓடியவள் பாதி வழியில் நின்றாள். மடையை அடைக்கவில்லை. திரும்பி ஓடிவந்து சேற்றை வைத்து மிதிக்கும்போதுதான் ஞாபகம் வந்தது. போன வருடமும் இதே போலத்தான், தவக்கால வெள்ளிக்கிழமை. இதே மணி, இதே ஓட்டம். அன்று அவள் திரும்பி வரவில்லை. இன்று மடையை அடைத்த பிறகும் அவளால் கோயிலுக்குப் போக முடியவில்லை.

மறுநாள் விடிந்ததும், தனியாகச் சாக்கு உதறிக்கொண்டிருந்த பச்சமுத்துவிடம் அதைச் சொன்னாள்.

"தெரியும்க்கா," என்றான். "நீ ஓடுனத அன்னிக்கே பாத்தேன். அடைச்சிட்டுத்தான் போறன்னு நெனச்சேன்."

"ஏம்பா அப்பவே சொல்லல?"

"உன் வூட்டுக்காரரு ஆஸ்பத்திரில கெடந்தாரு. மொதலாளி உன்ன வேலைய வுட்டு நிறுத்தியிருப்பாரு. இப்பவும் வாயத் தொறக்காத."

ஒரு வருடமாக அவளுடைய குழம்போடு அவளுடைய மன்னிப்பையும் சேர்த்து அவன் விழுங்கியிருக்கிறான். அவன் சொன்னபடி பேசாமல் இருந்துவிடலாம். கூலி போகாது, பேரும் போகாது. ஆனால் மன்னித்தது ஊர் முன்னால், மன்னிப்புக் கேட்பது மட்டும் மறைவிலா என்று தோன்றியது.

ஏழு மணிக்கு எல்லாரும் கூடியதும் பஞ்சநாதன் முன்னால் போய் நின்றாள். "போன வருசம் மடைய அடைக்காம ஓடுனது நான்தாங்க. பழிய இவன் மேல போட்டுட்டேன்." அவர் பதில் சொல்வதற்குள் பச்சமுத்துவின் பக்கம் திரும்பிக் கைகூப்பினாள்.

"வேணாம்க்கா," என்று அவன் வந்து அந்தக் கைகளைப் பிடித்து இறக்கிவிட்டான். அவன் விட்டதும் அவை மறுபடி கூடிக்கொண்டன.