யார் முதலில்?

அடுத்தவர் எழுதிய புரோகிராமை உடைத்துப் பார்ப்பதுதான் அவள் வேலை. டெஸ்டர். உடைக்க ரொம்பச் சிரமப்பட வேண்டியதில்லை. எழுதியவர்களில் ஒருவர் புருஷன், மற்றவர் அண்ணன்.

யார் சீனியர் என்ற சண்டையில் இருவருக்கும் பேச்சு நின்று வருஷக்கணக்காகிறது. நடுநாற்காலி அவளுக்கு.

"ஏசியைக் குறைக்கச் சொல்லு உங்கண்ணன்கிட்ட."

"ஸ்வெட்டர் போட்டுக்கச் சொல்லு உன் வீட்டுக்காரரை."

இரண்டும் ஊருக்கே கேட்கும். ஆனாலும் அவள் திருப்பிச் சொல்ல வேண்டும். இதுகளை ஆம்பளைகள் என்று யார் சொன்னது என்று அவளுக்கு எரிச்சலாக வரும்.

ஆஸ்பத்திரி மருந்துக் கவுன்டருக்கான புரோகிராமில் எது எங்கே இருக்கிறது என்று சொல்லும் 'செட்டிங்ஸ்' கிளாஸ், அதாவது புரோகிராமின் ஒரு துண்டு, புருஷனுடையது. நடப்பதைக் குறித்து வைக்கும் 'லாக்' அண்ணனுடையது. இரண்டுமே சிங்கிள்டன், அதாவது புரோகிராம் முழுக்க ஒன்றே ஒன்றுதான் இருக்கலாம், இரண்டாவது உருவாகவே முடியாது. தங்களைப் பற்றியும் இருவருக்கும் அதே நினைப்புதான். செட்டிங்ஸ் உருவாகும்போதே, தான் வந்ததைக் குறித்துக்கொள்ளச் சொல்லி லாக்கைக் கூப்பிடும். லாக் உருவாகும்போதே, எந்தக் கோப்பில் எழுதுவது என்று செட்டிங்ஸைக் கூப்பிடும். அதுதான் இன்னும் உருவாகி முடியவில்லையே! மறுபடி முதலிலிருந்து, முடிவே இல்லாமல்.

இரண்டையும் சேர்த்து ஓட்டியிருந்தால் முன்பே குட்டு வெளிப்பட்டிருக்கும். டெஸ்ட்டுக்குக் கேட்டால், "முதல்ல அவரு குடுக்கட்டும்" என்று இரண்டு பக்கமும் ஒரே பதில். மற்றவருடையதற்குப் பதில் ஒரு பொம்மைக் கிளாஸை வைத்து ஓட்டிவிட்டு, "என்னுது ஓடுது" என்று மார்தட்டிக்கொண்டார்கள்.

கடைசியில் இரண்டும் சேர்ந்தது ஆஸ்பத்திரிக்காரர்கள் பார்க்க வந்த காலையில்தான். ஓடாவிட்டால் ஒப்பந்தம் போகும், முதலில் வீட்டுக்குப் போவது டெஸ்டர்கள் என்று மேனேஜர் சொல்லியிருந்தார். புரோகிராம் எழுந்திருக்கவே இல்லை. பக்கத்து அறையில் வந்தவர்கள் டீ குடித்துக்கொண்டிருக்க, இவர்கள் இருவரும் ஒருவரையொருவர் கைகாட்டிக்கொண்டு நின்றார்கள்.

அவளே உட்கார்ந்தாள். இரண்டு கிளாஸிலும் மற்றதைக் கூப்பிடும் வரியை நீக்கினாள். முதலில் இரண்டும் தனித்தனியாக உருவாகட்டும், பிறகு ஒன்றிடம் மற்றதைக் கொடுக்கலாம் என்று வெளியே சில வரிகள் எழுதினாள். ஓடியது.

"என் கோடுல கை வெச்சியா?" என்றார் புருஷன்.

"என்னுதுலயுமா?" என்றார் அண்ணன்.

மேனேஜர் எட்டிப் பார்த்தார். "யாரு சரி பண்ணது?"

"நான்தான்!" இருவரும் ஒரே குரலில்.

அவளுக்குக் கோபம்கூட வரவில்லை. அருவருப்பாக இருந்தது.

"சார், இவங்க ரெண்டு பேரையும் இங்கயே வெச்சுக்கோங்க. என்னை வேற டீமுக்கு மாத்திடுங்க."

மறுநாள் ஹாலின் அடுத்த கோடியில் உட்கார்ந்திருந்தாள். பழைய இடத்திலிருந்து புருஷனின் குரல் கேட்டது.

"ஏசியைக் குறைக்கச் சொல்லு உங்கண்ணன்கிட்ட."

காலி நாற்காலியைப் பார்த்துத்தான் சொல்லிக்கொண்டிருந்தார்.